எனக்குப் பின்னால் வந்த சைக்கிள்

அந்த அக்காவின் முகத்தைவிட அவள் குரல்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு கோடை முழுக்க அவள் எனக்குப் பின்னால் சைக்கிளில் வந்தாள். பின்னால் வருகிறவர்களுக்கு முகம் ஏது? "ஏ ரேடியோ, வாய மூடிக்கினு மிதிடி" என்று தினமும் என் முதுகில் வந்து விழும் அந்தக் குரல்தான் அக்கா.

ரேடியோ என்பது நான். பேசாமல் இருந்தால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும். வீட்டில் பேசினால் மாமியார் எழுந்து போய்விடுவார், வீட்டுக்காரர் தூங்கிவிடுவார். உப்பளத்தில் பேசினால் மேஸ்திரி கத்துவார். சைக்கிளில் போகும்போதுதான் எனக்குத் தடையில்லை. தனியாகப் போனால்கூட மாமியாரிடம் அன்று காலை சொல்லாமல் விட்டதையெல்லாம் காற்றிடம் சொல்லிக்கொண்டு போவேன். அக்காவைத் தவிர யாரும் என்னை நிறுத்தப் பார்த்ததில்லை.

சுனாமியில் கடல் உள்ளே வந்துபோனதற்கு அடுத்து வந்த கோடை அது. எங்கள் ஊர் கடற்கரையிலிருந்து மேற்கே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஏழு பெண்கள் மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அதுவரை ஒரு டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த வருஷம் டெம்போக்காரர் வர மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். காலை பஸ்ஸோ, வந்தால் வந்ததுதான். மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அக்காதான் சொன்னாள்.

"ஆளுக்கு ஒரு சைக்கிள் பொரட்டுங்கடி. சேந்து போவலாம், சேந்து வரலாம். நான் கடைசில வர்றேன்."

இந்தக் கடைசி விஷயத்தில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவள் எல்லாவற்றிலும் கடைசி. கூலி வாங்க வரிசையில் நிற்கும்போது கடைசி. மாரியம்மன் கோயிலில் விபூதி வாங்கக் கடைசி. வரப்பில் நடக்கும்போது எங்களை முன்னால் விட்டுக் கடைசியாக வருவாள். "முன்னாடி போனா யாரு வர்றாங்க, யாரு வரலன்னு எப்டித் தெரியும்?" என்பாள். எனக்கு அது கொஞ்சம் அலட்டலாகத் தெரியும். எங்களை மேய்க்க இவளை யார் வைத்தார்கள் என்று முனியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். முனியம்மா எங்கள் ஏழு பேரில் வயதில் மூத்தவள், வாயில் எனக்கு அடுத்தவள்.

மாசி மாதம் முழுக்கச் சைக்கிள்களைத் தேற்றுவதிலேயே போயிற்று. அண்ணன் சைக்கிள், வீட்டுக்காரர் சைக்கிள், பரணில் கிடந்தது, கோழி அடைத்துவைத்தது என்று ஏழும் ஏழு தினுசு. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே அவற்றை வரிசையாக நிறுத்தினோம். உப்பளத்துக்குப் போகிற சைக்கிள் மற்ற சைக்கிள் மாதிரி இல்லை. உப்புக் காற்று ஒரே மாதத்தில் செயினைத் தின்றுவிடும். பெல் முதலில் சாகும், அப்புறம் ஸ்டாண்டு ஸ்பிரிங். அதனால் எண்ணெய் தடவ வேண்டும், வேலை முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கோடையில் குடிக்கிற தண்ணீருக்கே அடிதடி நடக்கிற ஊரில் சைக்கிளைக் கழுவினால் யார் சும்மா இருப்பார்கள்? பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பிடித்துவைத்துத் துணியால் துடைப்போம்.

ஸ்டெல்லாதான் எங்களில் சின்னவள், கல்யாணம் நிச்சயமாகியிருந்தவள். துரு பிடிக்கக் கூடாதென்று சைக்கிளுக்கு ஒரு இடம் பாக்கி வைக்காமல் எண்ணெய் பூசிவிட்டாள், சக்கரத்தின் ரிம் உட்பட. முதல் நாள் ஒத்திகை ஓட்டியபோது பிரேக்கைப் பிடித்தாள், ரப்பர் வழுக்கிக்கொண்டே போயிற்று, நேராகப் போய்ப் பால்காரர் மேல் மோதி நின்றாள். பால்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை, பாலுக்குத்தான் ஆயிற்று. அன்றிலிருந்து அக்கா ஏழு சைக்கிளையும் தானே சோதிப்பாள். ரிம்மை விரலால் சுற்றித் தடவுவாள், கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்ப்பாள், டயரை அமுக்கிப் பார்ப்பாள். கண்ணை மூடிக்கொண்டேகூடச் செய்வாள். பெரிய கைராசிக்காரி என்று நாங்கள் கிண்டல் செய்தோம்.

எல்லார் கேரியரிலும் ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். "லாரிக்காரனுக்குத் தெரியணும்டி" என்றாள். என் பழைய ரவிக்கையைக் கிழித்து நான் கட்டினேன்.

இந்த ஏற்பாடெல்லாம் வேலைக்குப் போய்வர மட்டுமில்லை. ஒரு நாள் தூக்குச்சட்டியைத் திறந்து பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று கேட்டாள்.

"சைக்கிள்தான் இருக்குதே, மகாபலிபுரம் போய்ட்டு வந்தா இன்னா?"

எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "இருவது வருசமா இந்த ரோட்டு மேல பஸ்ஸு பஸ்ஸா ஜனம் போவுது. எங்கெங்க இருந்தோ வர்றாங்க. பக்கத்துல இருக்கிற நாம பாக்கல. ஒரு தபா பாத்துடணும்டி."

அது அவள் கேட்ட மாதிரி இல்லை, கெஞ்சின மாதிரி இருந்தது. யாரிடமும் எதையும் கேட்காதவள். முனியம்மா உடனே சரி என்றாள். அங்கே ஸ்டெல்லாவின் சித்தி வீடு இருந்தது, இரவு தங்கிக்கொள்ளலாம்.

ஆனால் எப்போது போவது? உப்பு விளையும் காலத்தில் ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. ஒரே ஒரு வழி, கோடை மழை. ஒரு மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடும். மறுபடி காய்ந்து வேலை தொடங்க நாலைந்து நாள் ஆகும். அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. ஆகவே பங்குனி முழுக்க நாங்கள் ஒரு வினோதமான நிலையில் இருந்தோம். மாற்றுப் புடவை, புளிசாதத்துக்குப் புளிக்காய்ச்சல், பஞ்சர் ஒட்டுகிற பசை, காற்றடிக்கிற பம்பு எல்லாம் மஞ்சள் பையில் தயார். வானத்தைப் பார்த்துப் பெய் என்றும் சொல்ல முடியாது, பெய்யாதே என்றும் சொல்ல முடியாது.

அந்தப் பங்குனியில்தான் நான் அதைக் கண்டுபிடித்தேன்.

ஒரு நாள் காலை என் பின் டயர் சரியில்லை. கூனிமேட்டில் ஒரு பாயின் சைக்கிள் கடை உண்டு, அவரிடம் காட்டிவிட்டுத் தாமதமாக வருகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லி அனுப்பினேன். அவர்கள் முன்னால் போனார்கள். அக்காவின் சைக்கிள் அன்று செயின் கழன்று பின்தங்கியிருந்தது, அவளுக்கு என் விஷயம் தெரியாது. மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் உப்பளத்துக்கு மண் பாதை பிரியும். நான் பிரியாமல் நேராகப் போனேன், வழக்கம்போல மாமியாருடன் காற்றில் சண்டை போட்டுக்கொண்டு. கூனிமேட்டுக் கடை வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் அக்கா நிற்கிறாள்.

"நீ இன்னாக்கா இங்க?"

"ஏன், அளத்துக்குத்தான் வந்தேன்" என்றாள். பிறகு சுற்றிலும் தலையைத் திருப்பினாள். பாய் கடையின் டேப் ரெக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது. அவள் முகம் மாறியது. "இது எந்த இடம்டி?"

இருபது வருஷமாகத் திரும்பிய திருப்பத்தில் அவள் திரும்பவில்லை. நெருங்கிப் போய்ப் பார்த்தேன். வலது கண்ணில் கருவிழி மேல் பால் ஏடு படிந்த மாதிரி இருந்தது. இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது. உப்பளத்துக்காரர்களுக்குக் கண் கூசுவது புதிதில்லை, வெயிலில் வெள்ளைக் குவியல்களைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் நீர் வடியும். ஆகவே யாரும் யார் கண்ணையும் உற்றுப் பார்த்ததில்லை.

கடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்று வருஷமாக இப்படித்தான் என்றாள். நிழல் தெரியும், வெளிச்சம் தெரியும், ஆள் முகம் தெரியாது. ஆபரேஷன் செய்துகொண்டவர் ஒருவருக்கு இருந்த பார்வையும் போய்விட்டதாம், அந்தப் பயம். அதைவிடப் பெரிய பயம் மேஸ்திரி. கண் தெரியாதவளை யார் வரப்பில் கூடை தூக்க விடுவார்கள்? அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். புருஷன் போய்ப் பத்து வருஷம், பெண் பத்தாவது படிக்கிறாள்.

"அப்ப சைக்கிள எப்டிக்கா ஓட்டற?"

"அதான் செவப்புத் துணி கட்டச் சொன்னேன்ல? அது மட்டும் தெரியுது. அத பாத்துக்கினே வந்துடுவேன்."

கடைசியில் வருவதன் ரகசியம் இதுதானா என்று எனக்குத் தோன்றியது. கோபம்கூட வந்தது. மேய்க்கிறாள் என்று நினைத்தோம், இவள் எங்களைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"மகாபலிபுரம் வராதக்கா. அந்த ரோட்ல லாரி வர்ற வரத்து உனக்குத் தெரியுமா?"

"முழுசா மூடறதுக்கு முந்தி ஒரு தபா பாக்கணும்டி" என்றாள். என் கையைப் பிடித்தாள். உப்பில் வெடித்த அந்தக் கை சொரசொரவென்றிருந்தது. "யாருகிட்டயும் சொல்லிடாத. உன் வாய நெனச்சாத்தான் பயமா இருக்குது."

எனக்கும்தான். என் வாயை நம்பி ஒரு குண்டூசியைக்கூடக் கொடுக்கக் கூடாது, இது ஒருத்தியின் பிழைப்பு. மூன்று வாரம் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. நாக்கு நுனிவரை வந்ததைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினேன். மழை பெய்த அன்று சாயங்காலம் எல்லாரும் ஈரத்தில் குதித்துக்கொண்டிருந்தபோது, "அக்கா கண்ணுக்கு..." என்று ஆரம்பித்தேவிட்டேன். முனியம்மா திரும்பினாள். "...மை வெச்சா நல்லா இருக்கும்" என்று முடித்தேன். முனியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றைக்கே சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தேன். போய்த் திரும்புகிற இரண்டு நாளும் வாயைத் திறப்பதில்லை. அதற்குப் பதிலாகச் சின்ன ரவிக்கைத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒரு சிவப்புப் பாவாடையையே என் கேரியரில் விரித்துக் கட்டினேன். அதை மயிலம் மலையிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

விடியற்காலையில் கிளம்பினோம். மழையில் கழுவின ரோடு கருகருவென்று இருந்தது. முன்னால் ஸ்டெல்லா, நடுவில் நாலு பேர், அப்புறம் நான், கடைசியில் அக்கா. மரக்காணம் தாண்டி, கடப்பாக்கம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம். புடவை மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட ஏழு பெண்கள் சைக்கிளில் வரிசையாகப் போவதைப் பார்த்து ஒரு பஸ்ஸே ஜன்னலில் வழிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. முனியம்மா இரண்டு தரம் பின்னால் பார்த்து, "இன்னாடி, ரேடியோ ரிப்பேரா?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஏ ரேடியோ, வாய மூடிக்கினு மிதிடி" என்றது பின்னாலிருந்து.

நான் பேசவே இல்லை. பேசாதவளைப் பார்த்து எதற்கு வாயை மூடச் சொல்கிறாள்? கிண்டல் போல என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். "வாய மூடுடி, காது வலிக்குது." கூவத்தூர் தாண்டி மூன்றாவது தரம் சொன்னபோது அந்தக் குரலில் கிண்டல் இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சத்தியம் பெரிதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

பாலாற்றுப் பாலம் வந்தது. நீளமான பாலம், கீழே கண்ணுக்கெட்டிய தூரம் மணல். வெயில் ஏறியிருந்தது. காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு எங்களை உரசுகிற மாதிரி போயின. பாதிப் பாலத்தில் பின்னால் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. திரும்பிப் பார்த்தேன்.

அக்கா பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஓரத்தில் இல்லை, நட்டநடுவில். சைக்கிள் குறுக்கே திரும்பியிருந்தது. பஸ் அவளுக்கு ஒரு ஆள் நீளத்தில் நின்றிருந்தது, டிரைவர் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் ஒட்டிப்போயிருந்தன.

"பேசுடி!" என்று கத்தினாள். "எங்கடி இருக்கற? பேசுடி பாவி!"

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். "இங்கதான்க்கா, இங்கதான்க்கா, வந்துட்டேன்க்கா" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவள் முகம் என் பக்கம் திரும்பியது. ஓரமாக இழுத்து வந்து கைப்பிடிச் சுவரில் சாய்த்து நிறுத்தியபோது அவள் விரல்களை ஹேண்டில்பாரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"துணி கட்டியிருக்கேனே, பெரிய துணி! அது தெரியலயா?"

"துணியா?" என்றாள். "எனக்கு எந்தத் துணிடி தெரிஞ்சது? அது நெசமாவே லாரிக்காரனுக்குத்தான். சத்தத்த வெச்சு வர்றேன்னா நீ பயந்துடுவியேன்னு அன்னிக்கு அப்டி சொன்னேன். தார் ரோடு கருப்பா தெரியும், அத புடிச்சுக்கினு வருவேன். திரும்பற எடம், பள்ளம் மேடு எல்லாம் உன் சத்தம்தான். இந்தப் பாலத்துல ரோடும் வெள்ள, மணலும் வெள்ள. உன் சத்தமும் இல்ல."

"அப்ப தெனமும் வாய மூடு, வாய மூடுன்னு சொன்னியே?"

"மூடுன்னு சொன்னாத்தானே நீ ரெண்டு பங்கு பேசுவ?"

நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். இத்தனை நாளாக என் பேச்சை இவளுக்குப் பிடிக்காது என்று நினைத்திருந்தேன். என் பேச்சு யாருக்குத்தான் பிடித்தது? உலகத்தில் ஒரே ஒருத்தி அதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், அவளிடம் போய் நான் வாயை மூடியிருக்கிறேன்.

இதற்குள் மற்றவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அக்காவே சொன்னாள், முழுதும் சொன்னாள். முனியம்மா அவள் கையை எடுத்துத் தன் தலை மேல் வைத்துக்கொண்டாள். பிறகு, "அடுத்த கண் முகாம் எங்க போட்டாலும் நீ வர்ற. இப்பவே என் தல மேல அடிச்சு சத்தியம் பண்ணு, இல்லனா இங்கயே உன்ன உட்டுட்டுப் போறோம்" என்றாள்.

"மேஸ்திரி?"

"மேஸ்திரி கெடக்கறாரு. உன் பாத்திய நாங்க ஆறு பேரு வாரிப் போடறோம். அவருக்கு உப்புதானே வேணும்?"

அக்கா சத்தியம் செய்தாள். திரும்பிப் போகலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டெல்லா மட்டும், அக்கா நடுவில் வரட்டுமே என்றாள். "கடைசிதான்" என்றாள் அக்கா. பாலத்தைத் தாண்டுவதற்குள் அந்தப் பிடிவாதம் திரும்பிவிட்டது.

பாலத்தை நடந்தே கடந்தோம். அங்கிருந்து நான் பேசத் தொடங்கினேன். "எங்க மாமியா இருக்குதே, எடது பக்கம் பள்ளம்க்கா, அது நேத்து இன்னா சொல்லிச்சு தெரியுமா, லாரி வருது ஓரம் வா, மீன் கொழம்புல உப்பு இல்லயாம், உப்பளத்துக்காரி வீட்ல..." மகாபலிபுரம் போய்ச் சேர்ந்தபோது என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னால் அவளை நிறுத்தி, அந்தக் காற்றுக் குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். யானை இருக்கிறது, குட்டிகள் இருக்கின்றன, இங்கே ஒரு பூனை பின்னங்காலில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்கிறது, எலியெல்லாம் நம்பிக் கும்பிடுகின்றன என்றேன்.

"நம்ம மேஸ்திரி மாரியா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆடியில் முகாம் வந்தது. பாண்டிச்சேரியில் முதலில் வலது கண், பிறகு இடது. அடுத்த மாசியில் மறுபடி தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சைக்கிள்களை நிறுத்தினோம். ஸ்டெல்லா கல்யாணமாகிப் போயிருந்தாள், அவள் இடத்தில் அவள் அண்ணி. அக்கா எல்லார் முகத்தையும் கிட்டே வந்து பார்த்தாள். என்னைப் பார்த்து, "நீ இவ்ளோ குள்ளமாடி?" என்றாள்.

முதல் நாள் வேலைக்குக் கிளம்பினோம். கண் வந்த பிறகும் அவள் கடைசியில்தான் வந்தாள். அப்படியென்றால் அது கண்ணால் மட்டும் வந்த குணமில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மெயின் ரோட்டில் ஏறியதும் நான் மாமியாரை ஆரம்பித்தேன்.

"ஏ ரேடியோ, வாய மூடிக்கினு மிதிடி" என்றது குரல்.

நான் மிதிப்பதை நிறுத்தாமல் கேட்டேன். "இப்பதான் கண்ணு நல்லா தெரியுதே. இது நெசமாவே மூடச் சொல்றதா, இல்ல பழைய மாரி பேச வெக்கிறதா?"

பின்னாலிருந்து செயின் சத்தம் மட்டும் கேட்டது. உப்பளத்துத் திருப்பம்வரை ஒன்றும் வரவில்லை. நான் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"அந்த மீன் கொழம்பு கத பாதில நிக்குதுடி" என்றாள். "அப்புறம் உன் மாமியா இன்னா சொல்லிச்சு?"